யாரு ஊட்டு நாய்

ஏரி நிரம்பிவிட்டால் அயனம்பாக்கத்தில் மீன் மலிந்துவிடும். அன்றைக்கும் நாகவல்லி வாசலில் உட்கார்ந்து, அலுமினியக் குண்டானில் இன்னும் துள்ளல் அடங்காத ஜிலேபி மீன்களை ஒவ்வொன்றாக எடுத்துச் செதில் உரசிக்கொண்டிருந்தாள். ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்து சந்தெல்லாம் சேறு. கரையோரம் நின்ற வீடுகளில் அவளுடையதுதான் கடைசி. அதற்கப்புறம் கோரைப்புல், அதற்கப்புறம் தண்ணீர். மழைக்காலம் வந்தால் பின்கதவைத் திறந்து தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது அந்த வீட்டில் காலையில் பல் விளக்குவது மாதிரி ஒரு வேலை.

பேன்ட்டை முட்டிவரை மடித்துக்கொண்டு, ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு, ஒருவர் சேற்றில் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. பேர் தங்கராஜ், சுகாதார ஆபீசர் என்று அவரே சொன்னார். சொல்லிவிட்டு, வாசலில் நின்ற குட்டியானை வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். அங்கே பஜ்ஜி சுருண்டு படுத்திருந்தது.

எண்ணெயில் சிவந்த பஜ்ஜி நிறத்தில் இருக்கிறது என்று மகள் மதிவதனி வைத்த பேர் அது. அவள் கல்யாணமாகித் திருத்தணிப் பக்கம் போனபோது, மாமியாருக்கு நாய் ஆகாது என்று இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். அவள் கட்டிய சிவப்புக் கயிறும் சின்ன மணியும் அதன் கழுத்தில் அப்படியே இருந்தன.

"இந்த நாய் யாருதும்மா?"

நாகவல்லி வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து துலுக்கானம் லுங்கியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான். காலையிலிருந்து முகப்பேரில் மாடிமாடியாகத் தண்ணீர் கேன் ஏற்றிவிட்டு வந்து, அப்போதுதான் முதுகைச் சாய்த்திருந்தான்.

"தெரு நாய் சார்."

"உங்க வண்டிக்கு அடியிலதானே படுத்திருக்கு?"

"மழைக்கு வேற எங்க சார் படுக்கும்? எந்த வண்டி நின்னாலும் படுக்கும்."

"சோறு நீங்க போடறீங்களா?"

"மீந்துச்சின்னா போடுவோம். சந்துல எல்லாருந்தான் போடுவாங்க."

"கழுத்துல மணி இருக்கே."

"எவனோ கட்டி உட்டுருப்பான் சார். நாங்க இன்னா கண்டோம்?"

தங்கராஜ் அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். கோபப்படவில்லை. நாளெல்லாம் இதே பதிலைக் கேட்டுச் சலித்தவரின் முகம்.

"இங்க பாருங்க. நேத்து சாயங்காலம் அந்த அபார்ட்மென்ட்ல ஒரு குழந்தையக் கடிச்சிருக்கு. கேமராவுல பாத்தோம். கடிச்சிட்டு இந்தச் சந்துக்குள்ளதான் ஓடி வந்திருக்கு. நான் பொழுது போகாம கேக்கல. கடிச்ச நாய் யாருதுன்னு கேக்கறதுக்கு எனக்கு அதிகாரம் இருக்கு. வளக்கறவங்க பதில் சொல்லித்தான் ஆகணும். லைசென்ஸ் எடுத்தீங்களா, ஊசி போட்டீங்களா, ஏன் அவுத்து விட்டீங்க, எல்லாம் கேப்பேன். மறைச்சா அதுக்குத் தனியா நடவடிக்கை."

"கேளுங்க சார். நம்ம நாய் இல்லியே."

"சரி. உங்க பேரு? டோர் நம்பர் என்ன?"

துலுக்கானத்தின் முகம் அங்கேதான் மாறியது. அந்த வீட்டுக்கு டோர் நம்பர் கிடையாது. கரண்டு கனெக்‌ஷனே பக்கத்து வீட்டிலிருந்து இழுத்தது. எதிர்ச்சாரி வீடுகளில் போன வருஷம், ஏரிப் புறம்போக்கு என்று இடிப்பதற்குச் சிவப்புப் பெயின்டில் குறி போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அந்தக் குறி மழையில் கரையவும் இல்லை, வீடுகளை யாரும் இடிக்கவும் இல்லை. ஆனால் அதைப் போட்ட நாளிலிருந்து அந்த வீடுகளில் ஒருவரும் சுண்ணாம்புகூட அடிப்பதில்லை.

"தெரு நாய்க்கு எதுக்கு சார் எம் பேரு?" என்றான்.

தங்கராஜ் வற்புறுத்தவில்லை. நாயைப் போன் கேமராவில் இரண்டு பக்கமும் படம் எடுத்தார். நாளைக்கு வண்டி வரும், யாருதும் இல்லை என்றால் பிடித்துக்கொண்டு போய் வைத்துப் பார்ப்போம், அதுவரை எங்கேயும் விரட்டிவிடாதீர்கள் என்றார்.

"எந்தப் பாப்பாவ சார் கடிச்சிது?" என்று நாகவல்லி கேட்டாள். 

"ரெண்டாவது மாடி. பவ்யான்னு பேரு."

அவர் சந்து திரும்பிப் போகும்வரை நாகவல்லி கையில் பிடித்திருந்த மீனை விடவில்லை. பவ்யாவின் வீட்டில்தான் அவள் தினம் காலையில் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்க்கிறாள். இன்று காலையில் போனபோது கதவு பூட்டியிருந்தது, எங்கேயோ வெளியே போயிருக்கிறார்கள் என்று திரும்பிவிட்டாள். சாயங்காலம் அதே அபார்ட்மென்டில் இன்னொரு பிளாக்கில் வேலை. பஜ்ஜி அவள் பின்னாலேயே வந்து, பின்கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டர்கள் நிறுத்துகிற இடத்தில் படுத்துக்கொள்ளும். அவள் வெளியே வந்ததும் எழுந்து கூடவே வீட்டுக்கு வரும். நேற்று பின்கேட்டில் முட்டியளவு தண்ணீர் நின்றதால் அவள் முன்கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வராத ஆளுக்காக நாய் அங்கேயே காத்துக் கிடந்திருக்கிறது. இருட்டின பிறகு நனைந்து வந்ததைப் பார்த்து, "எங்கடா ஊர் சுத்தினே?" என்று திட்டிக்கொண்டே சோறு வைத்தவளும் அவள்தான்.

"யோவ், அது பவ்யா பாப்பாய்யா."

"தெரியும்மே. அதனாலதான் சொல்றேன். நீ வாயத் தொறந்தா வேலையும் பூடும், ஊடும் பூடும்."

"ஊடு ஏன்யா பூடும்? அவுரு நாயப் பத்திக் கேக்க வந்தவரு."

"நாயப் பத்திக் கேக்க வந்தவன் எதுக்கு டோர் நம்பரு கேக்கறான்? எழுதிக்கினு போறதுக்குத்தான். எழுதினது அவன் டேபிள்லயே குந்திகினு இருக்குமா? அந்த ஆபீஸ்லருந்து இந்த ஆபீசுக்குப் போவும். எதிர்ச்சாரில இன்னா ஆச்சி? கொசு மருந்து அடிக்கறோம்னு வந்துதான் ஆள எண்ணிக்கினு போனானுங்க. அப்பால பெயின்ட் அடிச்சானுங்களா இல்லியா?"

அவள் உள்ளே போய் மீனைக் கழுவிச் சட்டியில் போட்டாள். குழம்பு கொதித்தது. புளி போட்டேனா இல்லையா என்று அவளுக்கே நினைவில்லை.

துலுக்கானம் சாப்பிடக்கூட உட்காரவில்லை. காலி கேன்களைப் பின்னால் தள்ளி இடம் பண்ணிவிட்டு, "ஏய் பஜ்ஜி, ஏறு" என்றான். வண்டி ஏறுவதென்றால் பஜ்ஜிக்கு உயிர். ஒரே தாவில் ஏறி, வாலை ஆட்டிக்கொண்டு கேன்களுக்கு நடுவில் நின்றது. முத்தாபுதுப்பேட்டையில் தங்கச்சி குப்பம்மா வீட்டில் விட்டுவிட்டு அவன் திரும்பியபோது, மூடி வைத்த சாதம் ஆறிப்போயிருந்தது.

மறுநாள் நாய் வண்டி வந்து வெறுமனே போனது. "ஓடிப் பூச்சு சார்" என்று துலுக்கானம் சொன்னான். தங்கராஜ் இந்த முறையும் அவனை அதே மாதிரி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுப் போனார்.

*

பவ்யாவின் அம்மா கிருஷ்ணப்பிரியா தேனிக்காரி. ஐ.டி. கம்பெனியில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பேசிக்கொண்டிருப்பாள். கணவன் கிஷோர் வேலை விஷயமாக புனேயில் இருந்தான். நாகவல்லி உள்ளே நுழைந்தபோது கிருஷ்ணப்பிரியா நேற்றுப் போட்ட உடையிலேயே சோபாவில் உட்கார்ந்திருந்தாள். கம்ப்யூட்டர் மூடிக் கிடந்தது. பவ்யா இடது கையில் கட்டோடு தரையில் படுத்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேள்விப்பட்டீங்களாக்கா?"

"ஆமாம்மா." துடைப்பம் எங்கே இருக்கும் என்று தெரிந்தும் நாகவல்லி அதைத் தேடுகிற மாதிரி சமையல்கட்டுக்குள் போனாள்.

கிருஷ்ணப்பிரியா பின்னாலேயே வந்து நின்றாள். யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும் போலிருந்தது அவள் நிலை. "ஸ்கேட்டிங் கத்துக்குறேன்னு ரெண்டு நாளாத்தான் ஓட்டுறா. பின்கேட்டு கிட்ட போயிருக்கா. வண்டிக்குப் பின்னாடி படுத்திருந்த நாய் வால் மேல சக்கரம் ஏறிருச்சு. நான் மேல மீட்டிங்ல இருந்தேன்க்கா. அவ கத்துனது கேட்டுச்சு. வேற ஏதோ பிள்ளை கத்துதுன்னு நெனச்சு ஜன்னலச் சாத்துனேன்."

நாகவல்லி குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் சத்தத்தில் நிற்பது கொஞ்சம் சுலபமாக இருந்தது.

"கடிச்ச இடத்தச் சுத்தியே ஊசி போட்டாங்க. அவ கத்துனது இன்னும் காதுக்குள்ள இருக்கு. ஊசியெல்லாம் சரியாப் போட்டுட்டா ஒண்ணும் ஆகாதுன்னு டாக்டர் சொல்றாரு. நாயையும் பத்து நாள் வச்சுப் பாத்து, அது நல்லா இருந்துச்சுன்னா பயமே வேண்டாம்னாரு. அந்த நாயத்தான் காணோம்ங்கறாங்க." சற்று நிறுத்தினாள். "நீங்க அந்தச் சந்துலதான இருக்கீங்க? செம்பட்டை நாயி, கழுத்துல மணி கட்டியிருக்கும். பாத்திருக்கீங்களா?"

"அங்க எத்தினியோ நாய் சுத்துதும்மா" என்றாள் நாகவல்லி.

ஆபீசரிடம் பொய் சொன்னது துலுக்கானம். இந்தப் பொய் அவளுடையது.

அன்றைக்குத் தரையைத் துடைக்கத் துடைக்க அவள் கண் கூடத்துப் பக்கமே போயிற்று. கிருஷ்ணப்பிரியா கொஞ்ச நேரத்துக்கு ஒருதரம் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து குழந்தையிடம் நீட்டினாள். "குடிம்மா." குழந்தை குடிக்கும். தொண்டையில் தண்ணீர் இறங்குவதைக் கிருஷ்ணப்பிரியா கண் கொட்டாமல் பார்ப்பாள். டம்ளரை வாங்கி வைத்துவிட்டுப் போவாள். மறுபடி கொண்டுவருவாள். "போதும்மா, வயிறு வலிக்குது" என்று பவ்யா சிணுங்கினாள். "ஒரே ஒரு வாய் குடிச்சுக் காட்டுடா."

நாய்க்கடி விஷம் தலைக்கேறினால் தண்ணீரைக் கண்டால் ஆகாது என்று நாகவல்லிக்கும் தெரியும். அவளுக்குத் தெரிந்த ஒருத்தன் அப்படித்தான் போனான். துடைக்கிற துணியைப் பக்கெட்டில் போட்டு, பிழிந்ததையே மறுபடி மறுபடி பிழிந்தாள்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நாய்களுக்கு ஊசி போடுகிறோம் என்று பசங்கள் சிலர் சந்துக்கு வந்தபோது மதிவதனி பஜ்ஜியைப் பிடித்துக் கொடுத்தாள். அப்புறம் யாரும் போடவில்லை. அதை இவளிடம் சொன்னால் பாதி பயமாவது குறையுமா, இல்லை கூடுமா? இதையே உருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். மறுநாளும் போனாள், துடைத்தாள், வந்தாள். கிருஷ்ணப்பிரியாவின் கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தது. "ராத்திரியெல்லாம் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்குறேன்க்கா" என்றாள். "மூச்சு விடறாளா, ஜுரம் இருக்கான்னு." நாகவல்லி, "ஒண்ணும் ஆவாதும்மா" என்றாள். சொல்லும்போதே, அப்படிச் சொல்ல தனக்கு வாய் இருக்கிறதா என்று தோன்றியது.

*

தண்ணீர் லாரி வந்த நேரத்தில் ஜமீலாவைப் பிடித்தாள். ஜமீலா பூந்தமல்லியில் கோர்ட்டு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப் அடிக்கிறவள்.

"ஜமீலா, நாய் யாருதுன்னு ஆபீசர் வந்து கேட்டா சொல்லித்தான் ஆவணுமா?"

ஜமீலா குடத்தை இறக்கி வைத்தாள். "எனக்கு வக்கீல் மாதிரி எல்லாம் தெரியாது நாகுக்கா. கடிச்ச நாய்னா கேக்கறதுக்கு அவங்களுக்குப் பவர் கீது. பொய் சொன்னாதான் வம்பு. ஊட்டுக்குள்ள பூந்து தேடணும்னா கடுதாசி இன்னா கீதுன்னு கேக்கலாம்."

"ஊடு யாரு பேர்லன்னு கேட்டா?"

"அது வேற டிபார்ட்மென்ட்டுக்கா." அவள் நாகவல்லியின் முகத்தைப் பார்த்தாள். "பஜ்ஜி எங்கக்கா? மூணு நாளா மணிச் சத்தமே கேக்கல."

நாகவல்லி குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள். சந்தில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள். அவரவர் வீட்டுக்கும் டோர் நம்பர் இல்லை.

துலுக்கானம் லோடுக்குப் போன பிறகு, அவள் பஸ் பிடித்து ஆவடி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் முத்தாபுதுப்பேட்டையில் இறங்கினாள். குப்பம்மா வீட்டு வாசல் முருங்கை மரத்தில் அறுந்த கயிறு தொங்கிக்கொண்டிருந்தது.

"வா அண்ணி. நானே போன் பண்ணணும்னு இருந்தேன்" என்றாள் குப்பம்மா. "முந்தாநேத்தே அறுத்துகினு பூச்சு. கறிச்சோறு வச்சேன், மோந்துகூடப் பாக்கல. வந்ததுலருந்து ஒரே கத்தல். அண்ணன்கிட்ட சொன்னா, போனா போவட்டும் உடுன்னுட்டாரு."

"அவருக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே சொல்லிட்டேனே. உன்கிட்ட சொல்லலியா?"

 நாகவல்லி, குப்பம்மா கொடுத்த டீயை வாங்காமல் தெருத்தெருவாக நடந்தாள். கறிக்கடை, குப்பைமேடு, ரயில்வே லைன் ஓரம். செம்பட்டையாக எது படுத்திருந்தாலும் "பஜ்ஜி" என்று கூப்பிட்டாள். இரண்டு நாய்கள் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டன. தூறல் பிடித்துக்கொண்டது. சோறு துன்னலியாம், ஒரே கத்தலாம். குப்பம்மா சொன்னதையே மனசு திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தது. ஊரை விட்டுப் போன ஏக்கமா அது? இல்லை, வேறு ஏதாவதா? அந்த இன்னொன்றை அவள் முழுசாக நினைத்துப் பார்க்கவில்லை. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோக்காரன் இரண்டு தரம் கேட்ட பிறகுதான் அவளுக்கு இறங்குகிற இடம் வந்துவிட்டது தெரிந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேராக அபார்ட்மென்டுக்குப் போனாள். அந்த நேரத்தில் அவளைப் பார்த்ததும் கிருஷ்ணப்பிரியா, "என்னக்கா, இப்ப வந்திருக்கீங்க?" என்றாள். புடவை நனைந்து ஒட்டியிருந்ததால் நாகவல்லி உள்ளே வரவில்லை. வாசலிலேயே நின்று சொன்னாள்.

"அது எங்க நாய்தாம்மா."

கிருஷ்ணப்பிரியாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "எங்க இருக்கு? நல்லா இருக்கா?" என்றுதான் கேட்டாள். அந்த ஒரு நொடி அவள் முகத்தில் வந்த வெளிச்சத்தை நாகவல்லியால் பார்க்க முடியவில்லை.

"தெரியலம்மா. பயந்துகினு எங்க ஊட்டுக்காரு வேற எடத்துல கொண்டுபோயி உட்டுட்டாரு. அங்கருந்து ஓடிப் பூச்சு. இப்பதான் தேடிட்டு வரேன். கெடைக்கல."

கிருஷ்ணப்பிரியா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நாகவல்லிக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இத்தன நாளும் தெனம் வந்தீங்க. அவ பக்கத்துல உக்காந்து தலை வாரி விட்டீங்க. நான் கேட்டேன். நெறம் சொல்லி, அடையாளம் சொல்லிக் கேட்டேன்."

"தப்புதாம்மா."

"நாளைல இருந்து வராதீங்க" என்றாள் கிருஷ்ணப்பிரியா. போனை எடுத்தாள். "இப்ப போயிராதீங்க. அந்த ஆபீசரக் கூப்பிடுறேன். அவர்கிட்டயும் இதச் சொல்லுங்க."

தங்கராஜ் வரும்வரை நாகவல்லி மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அவர் வந்து ஒரு படி கீழே நின்றுகொண்டு கேட்டார். நாய் யாருது? எத்தனை வருஷமாக இருக்கிறது? ஊசி எப்போது போட்டது? லைசென்ஸ் இருக்கிறதா? கடித்த அன்று எப்படி இருந்தது, சாப்பிட்டதா, நுரை தள்ளியதா? கேட்டதற்கெல்லாம் தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள். லைசென்ஸ் என்று ஒன்று எடுக்க வேண்டும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"டோர் நம்பர்?"

"நம்பரு இல்ல சார். ஏரிக்கரையாண்ட கடைசி ஊடு. நாகவல்லின்னு எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார்.

*

"சொல்ட்டியா?" என்றான் துலுக்கானம். அவள் தலையாட்டினாள். கையில் இருந்த சாப்பாட்டுத் தட்டை அவன் வாசலுக்கு வீசினான். சாதம் சேற்றில் சிதறியது.

"எங்க அப்பன் கஷ்டப்பட்டுக் கட்டின ஊடுமே இது! ஒரு நாய்க்காகக் காட்டிக் குடுத்துட்டு வந்து நிக்கிறியே!"

"நாய்க்காக இல்லய்யா." அவளுக்கும் ஆத்திரம் வந்துவிட்டது. "அந்தப் பொண்ணு கொழந்தைக்கு நிமிசத்துக்கு ஒருதரம் தண்ணி குடுத்துப் பாக்குதுய்யா. தண்ணி உள்ள எறங்குதான்னு. நீ ஒருநாள் வந்து அத்தப் பாரு. பாத்துட்டு வந்து அப்பால தட்டத் தூக்கிப் போடு. நாய் ஓடிப் பூச்சுன்னு தெரிஞ்சும் என்கிட்ட சொல்லாம இருந்தியே, உனக்கு எப்புடிய்யா தூக்கம் வந்துச்சி?"

"எனக்குத் தூக்கம் வந்துச்சின்னு உனக்கு எவன் சொன்னான்?" என்றான் அவன்.

 மழை நின்றபாடில்லை. பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். ராத்திரி வெகுநேரம் கழித்து ஈரத்தோடு திரும்பினான். மறுநாளும் லோடுக்குப் போகாமல் போனான். மத்தியானம் வெயில் தலைகாட்டிய நேரத்தில் குட்டியானை சந்துக்குள் வந்தது.

"பருத்திப்பட்டு தாண்டி ஒரு டீக்கடை பெஞ்சுக்கடியில கெடந்துச்சி" என்றான். "ஊட்டுப் பக்கமாத்தான் வந்துகினு இருந்திருக்கு. கால் பூரா தேஞ்சி பூச்சு."

பஜ்ஜி வாலை ஆட்ட முயன்றது. இறங்க முடியவில்லை. கண்ணில் பீளை, விலா எலும்பு தெரிந்தது. நாகவல்லி ஓடிப்போய்த் தொடப் போனாள். அவன் கையை நீட்டித் தடுத்தான். "தொடாத. ஆபீசருக்குப் போன் போடு."

தங்கராஜ் கால்நடை டாக்டர் ஒருவரோடு வந்தார். நாயைத் தனியாகக் கட்டச் சொன்னார்கள். சோறும் தண்ணீரும் எட்டி நின்று தள்ள வேண்டும், குழந்தைகள் யாரும் கிட்டே வரக்கூடாது. துலுக்கானம் வண்டித் தார்ப்பாயை இழுத்து வேலியோரம் மறைப்புக் கட்டிக் கொடுத்தான். கடித்த அன்றிலிருந்து கணக்கு. மீதி நாளுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை.

முதல் நாள் பஜ்ஜி தண்ணீரைத் தொடவில்லை. கிண்ணத்தைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாகவல்லி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். சோறு வடிக்கவில்லை. துலுக்கானம் போகவும் வரவும் "குடிச்சுதா?" என்று கேட்டான். "குடி நைனா, ஒரு வாய் குடிச்சிக் காட்டு" என்று அவள் கெஞ்சினாள். யாருடைய வார்த்தையை யாரிடம் சொல்கிறோம் என்று உறைத்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். விடிந்து பார்த்தபோது கிண்ணம் காலியாக இருந்தது. மழைத் தண்ணீர்கூட இல்லாத காலி. நாக்கால் நக்கித் துடைத்த காலி. அவள் போட்ட சத்தத்தில் ஜமீலா ஓடி வந்தாள்.

அன்று சாயங்காலம்தான் கிருஷ்ணப்பிரியா முதல் தடவை வந்தாள். சந்து முனையில் ஸ்கூட்டரை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமல், தூரத்தில் நின்றே தார்ப்பாய்க்கு அடியில் பார்த்தாள். நாய் தலையைத் தூக்கியது. மணிச்சத்தம் கேட்டதும் அவள் ஓர் அடி பின்னால் போனாள். ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். மறுநாளும் வந்தாள், அதற்கு மறுநாளும் வந்தாள். அவள் வரும் நேரம் பார்த்து நாகவல்லி நாய்க்குச் சோற்றைத் தள்ளுவாள், அது தின்பதை அவள் பார்க்கட்டும் என்று. வேலை கேட்கிறாள் என்று நினைத்துவிடுவாளோ என்று முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பமாட்டாள்.

கெடு முடிந்த அன்று தங்கராஜ் வந்து பஜ்ஜியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "நல்லா இருக்கு. இனிமே ஊசி போட்டு, லைசென்ஸ் எடுத்து, கட்டி வளக்கணும். அவுத்து விட்டேன்னு கம்ப்ளெயின்ட் வந்தா மறுபடியும் வந்து கேப்பேன்."

"எங்க பேரு ஆபீஸ்ல இருக்குமா சார்?" என்று துலுக்கானம் கேட்டான்.

"இருக்கும்."

"ஏரி ஆபீஸ்காரங்க கேட்டா?"

தங்கராஜ் பின்கதவு வழியாகத் தெரிந்த தண்ணீரைப் பார்த்தார். "நான் நாயப் பத்திக் கேக்க வந்தவன். வீட்டப் பத்திக் கேக்கறவங்க வேற. அவங்க வரமாட்டாங்கன்னு நான் எப்படிச் சொல்றது? என் பேப்பர்ல நாய் மட்டும்தான் இருக்கு."  அவர் போன பிறகு துலுக்கானம் வெகுநேரம் பின்சுவரில் சாய்ந்து நின்றான்.

சாயங்காலம் கிருஷ்ணப்பிரியா வந்தபோது, ஸ்கூட்டரைச் சந்து முனையில் விட்டுவிட்டு வீட்டு வாசல்வரை நடந்து வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றியிருந்தாள்.

"சாப்பிட்டுச்சா?"

"சாப்ட்டுச்சும்மா. ஆபீசரும் வந்து பாத்துட்டு நல்லா கீதுன்னு சொல்ட்டாரு."

"எனக்கும் போன் பண்ணாரு." அவள் வாசற்கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். நாகவல்லி தொடலாமா கூடாதா என்று தெரியாமல் பக்கத்தில் நின்றாள். உள்ளே போய் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். கிருஷ்ணப்பிரியா ஒரே மூச்சில் குடித்தாள்.

"ஏங்க்கா அன்னைக்கே சொல்லல?"

ஆபீசர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவள், இதற்கு மட்டும் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். "பயந்துட்டோம்மா" என்றாள். கிருஷ்ணப்பிரியா வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். தகரக் கூரை, நம்பர் இல்லாத கதவு, கதவுக்குப் பின்னால் தண்ணீர். என்ன நினைத்தாள் என்று தெரியவில்லை. டம்ளரைக் கல்லில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"பவ்யா உங்களக் கேட்டுட்டே இருக்கா" என்றாள். சந்து முனையைப் பார்த்து நடந்துவிட்டாள்.

துலுக்கானம் உள்ளேயிருந்து வந்தான். "இன்னா சொல்லிச்சி? வேலைக்கு வரச் சொல்லிச்சா?"

"தெரியல."

"கேக்க வேண்டிதானே?"

"நான் எந்த மூஞ்ச வச்சிகினு கேக்கறது?"

ஆனாலும் நிற்க முடியவில்லை அவளுக்கு. வேலையைப் பற்றி அல்ல. இத்தனை நாளாக நாக்கு நுனியில் வந்து வந்து திரும்பிப் போன வேறு ஒன்று இருந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் சேற்றில் ஓடினாள். கிருஷ்ணப்பிரியா ஸ்கூட்டரைக் கிளப்பித் திருப்பியிருந்தாள்.

"அம்மா!" நாகவல்லிக்கு மூச்சு வாங்கியது. "பாப்பாவுக்குக் கை வலி கொறஞ்சிச்சாம்மா?"

கிருஷ்ணப்பிரியா அவளையே பார்த்தாள். பிறகு சாவியைத் திருகி வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டாண்டு போட்டு இறங்கி, "முன்ன மாதிரி வலி இல்லக்கா" என்று சொல்ல ஆரம்பித்தாள்.